கை பட்டால் சிவக்கும் போர்டு

1. கறுப்பு

"ஜேக்கப்பு, உம்ம போர்டு கண்ணை மூடிட்டுவே."

ஐந்தருவியிலிருந்து சுபேதார் செல்லத்துரை போன் செய்தபோது நான் தென்காசி ஆபீசில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காலை ஆட்டாமல் உட்காரத் தெரியாது. கால் ஓய்ந்தால் கை ஆரம்பிக்கும். பேனா மூடியைத் திறந்து மூடுவேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் மவுஸை அரை அங்குலம் இடமும் வலமுமாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் என் மனைவி ஜெயராணி பைபிளை என் முழங்கால்மேல் வைத்து அமுக்கிவிடுவாள். வேதத்தின் பாரம் அப்படித்தான் எனக்குத் தெரியும்.

"கண்ணை மூடிட்டுன்னா?"

"கறுப்பா நிக்கிவே. பச்சையும் இல்ல, செவப்பும் இல்ல. சனம் அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவுது."

சுபேதார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வாசுதேவநல்லூர்ப் பக்கம் வயலும் தோப்பும் உண்டு. ஆனாலும் சும்மா இருக்கப் பிடிக்காமல், அருவிக்கரைக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டதற்காக, சீசன் முழுக்க விசிலோடு நிற்பார். மலையில் மழை விழுந்து தண்ணீர் ஏறினால் விசில் ஊதிக் குளிக்கிறவர்களை வெளியே கொண்டுவருவது அவர் வேலை. இதில் ஒரு சங்கடம். அருவிக்கு அடியில் நிற்கிறவனுக்கு விசில் கேட்காது. தலையில் தண்ணீர் விழும்போது பக்கத்தில் வேட்டுப் போட்டால்கூடக் கேட்காது.

அதற்காகத்தான் எங்கள் கம்பெனி ஒரு போர்டு செய்து கொடுத்தது. மேலே பாறையில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கும். ரேடியோவில் செய்தி கீழே சுபேதாருடைய தகரக் கொட்டகையில் இருக்கும் பெட்டிக்கு வரும். பெட்டி எதிரே நிற்கும் பெரிய ஸ்கிரீனை மாற்றும். பச்சையில் 'குளிக்கலாம்'. சிவப்பில் 'வெளியே வாங்க'. அந்தப் பெட்டியில் சிப்புக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் நின்று பேசிவைக்கிற கிராஃபிக்ஸ் டிரைவர் என்கிற புரோகிராம் நான் எழுதியது.

போர்டு கறுத்ததற்குக் காரணம் பேட்டரி. சோலாரில் சார்ஜ் ஆகிற பேட்டரி. சீசன் என்றாலே குற்றாலத்தில் வெயில் கிடையாது. வெயில் அடித்தால் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லையென்றால் போர்டே தேவையில்லை. இவ்வளவு யோசித்து ஒரு பொருள் செய்வதற்கு எங்களைப் போன்ற படித்தவர்கள் பலர் கூடி மீட்டிங் போட வேண்டியிருந்தது.

கரண்ட் இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆள் குளிக்கிற இடத்தில், எந்நேரமும் சாரல் அடிக்கிற பாறைமேல், மெயின் லைன் இழுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. நானும் அங்கே குளிக்கிறவன்தான்.

2. தூங்காத சிப்

எங்கள் டீம் லீடு இசக்கி. வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள். பதவியில் எனக்கு மேலே. வேலை நன்றாக நடக்கும்போது என்னை 'சார்' என்பாள். கோபம் வந்தால் 'அண்ணாச்சி'.

"அண்ணாச்சி, உங்க டிரைவர் ஒரு நிமிஷம் தூங்க மாட்டேங்குது. உங்கள மாதிரியே இருக்கு."

அவள் சொன்னது சரி. இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பயப்பட வேண்டாம், நான் புரிந்துகொண்ட அளவுக்குத்தான் சொல்லப்போகிறேன்.

ஸ்கிரீனில் தெரிகிற படம் மெமரியில் ஓரிடத்தில் இருக்கிறது. அதற்கு ஃபிரேம் பஃபர் என்று பெயர். அசையாத படமாக இருந்தாலும் சிப் அதை அங்கிருந்து எடுத்து நொடிக்கு அறுபது தடவை பேனலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். 'குளிக்கலாம்' என்கிற ஒரே வார்த்தையை விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் அறுபது அறுபதாக. பேட்டரி தாங்குமா?

எங்கள் பேனல் பின்விளக்கு இல்லாத ரகம். பகல் வெளிச்சத்திலேயே தெரியும். அதனால் பேட்டரியைக் குடித்தது விளக்கு இல்லை, இந்த ஓயாத அனுப்புதல்தான். நல்ல காலமாக, அந்தப் பேனலுக்குள்ளேயே சின்ன மெமரி ஒன்று உண்டு. கடைசியாக வந்த படத்தை அது ஞாபகம் வைத்துத் தானே காட்டிக்கொள்ளும். 'செல்ஃப் ரிஃப்ரெஷ்' என்போம். படம் மாறாதவரை சிப் தூங்கலாம். மாறினால் மட்டும் எழுந்து, புதுப் படத்தை ஒரு தடவை அனுப்பிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.

கேட்க அழகாக இருக்கிறது. படம் மாறியது என்று சிப்புக்கு யார் சொல்வது? அதுதான் டிரைவர் வேலை. பஃபரை யாராவது தொட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாறிய பஃபரை எங்கள் பேச்சில் 'டர்ட்டி' என்போம். கல்யாணமான புதிதில் மாமனார் என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டபோது நான் இதை உண்மையாக விளக்கிவிட்டேன். "ஸ்கிரீன்ல அழுக்குப் பட்டிருக்கான்னு பாக்குத வேலையா, மாப்ள?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனவர், சுரண்டை முழுக்க நான் கம்ப்யூட்டர் துடைப்பதாகச் சொல்லிவைத்தார்.

இந்தக் காவலில் இரண்டு தப்பு நடக்கலாம். ஒன்றுமே மாறாதபோது சிப்பை எழுப்புவது. அது பேட்டரியைத் தின்னும். மாறியபோது எழுப்பாமல் விடுவது. அப்போது ஸ்கிரீன் பழைய படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதாவது பொய் சொல்லும். முதல் தப்புக்கு மானேஜர் திட்டுவார். இரண்டாவது தப்பைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

3. மணி எதற்கு

செல்ஃப் ரிஃப்ரெஷைப் போட்டேன். அப்படியும் சிப் தூங்கவில்லை. பார்த்தால், போர்டின் மூலையில் கடிகாரம் ஓடியது. மணி, நிமிஷம், நொடி. நொடிக்கு ஒரு தடவை எண் மாறுகிறது. ஒவ்வொரு மாறுதலுக்கும் டிரைவர் சிப்பைத் தட்டி எழுப்பி ஸ்கிரீன் முழுவதையும் புதிதாக அனுப்ப வைக்கிறது.

"அருவிக்கு அடியில நிக்கவனுக்கு மணி எதுக்கு?" என்று நான் மீட்டிங்கில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டு எல்லோரும் சிரித்தால் அந்த யோசனை நிறைவேறிவிடும். எங்கள் ஆபீசில் அதுதான் வழக்கம். கடிகாரத்தைக் கழற்றினோம்.

சிப் நன்றாகத் தூங்கியது. மூன்று நாள் மூட்டத்திலும் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கவில்லை. இசக்கி ஆபீஸ் முழுவதற்கும் டீ சொல்லி, "ஜேக்கப் சார் கெட்டிக்காரர்" என்றாள். 'சார்' என்றதைக் கவனியுங்கள். அதைக் கேட்டு என் கால் இன்னும் வேகமாக ஆடியது.

4. கைராசி

முதலில் வந்த புகார் யாருக்கும் புகாராகத் தெரியவில்லை. தண்ணீர் ஏறி, போர்டு சிவந்து, சனம் வெளியே வந்தது. பிறகு தண்ணீர் வடிந்தது. போர்டு மட்டும் சிவப்பிலேயே நின்றது.

"பைப்புல வார தண்ணிகூட இதைவிட ஜாஸ்திவே," என்றார் சுபேதார். "இதுல 'வெளியே வாங்க'ன்னு நின்னா எவன் மதிப்பான்?"

ஈரத் துண்டோடு சனம் கரையில் காத்திருந்தது. காத்திருக்கிறவர்களுக்குப் பசிக்கும். பஜ்ஜிக் கடைக்காரர் எங்கள் கம்பெனிக்கு நல்வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

நான் தென்காசியிலிருந்து பைக்கில் போனேன். கொட்டகைக்குள் நுழைந்து, பெட்டியில் மவுஸைச் சொருகி, என்னதான் கோளாறு என்று பார்க்க அதைப் பிடித்தேன். போர்டு பச்சையானது. நான் ஒன்றும் செய்யவில்லை. பூட்டைத் திறந்து ஆள் உள்ளே வந்ததும் அழுகையை நிறுத்துகிற பிள்ளை மாதிரி அது சரியாகிவிட்டது.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும்.

"உமக்குக் கைராசி இருக்குவே," என்றார் சுபேதார். "வந்து தொட்டீருன்னா சரியாயிருது. ஆனா நீரு இங்கன வந்து குடியிருக்க முடியாதுல்லா?"

ஆபீசில் இதே மாதிரி இன்னொரு போர்டு வைத்திருந்தோம். இசக்கி மிதவையைக் கையால் தூக்கித் தூக்கி இறக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனையே முறைத்தேன். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது இசக்கி வாசலில் நின்றாள்.

"மாறலை. தூக்கிட்டேன், இன்னும் பச்சையிலேயே நிக்கி."

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸில் கையை வைத்தேன். "செவப்பாத்தானே இருக்கு?"

அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பர்ஸைக் காணாதவர்கள் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்க்கிற பார்வை.

"அண்ணாச்சி, நீங்க இருந்தா கோளாறு நடக்க மாட்டேங்கு. நீங்க போனா நடக்கு. உங்களுக்கும் அதுக்கும் என்ன பேச்சு?"

எனக்கு உள்ளூரப் பெருமைதான். முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவனைக் கண்டால் மெஷினுக்கே ஒரு மரியாதை வரும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் சுபேதார் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. தண்ணீர் ஏறியிருக்கிறது, போர்டு பச்சையிலேயே நின்றிருக்கிறது. நல்ல வேளை, குளிக்க ஆள் வராத விடியற்காலை.

"இத்தன நாளு தண்ணி இல்லாதப்போ செவப்பு காட்டிச்சு, போகட்டும்னு விட்டேன். இது வேற. காவலுக்கு நிக்கவன் ஒறங்கலாம்வே, எழுப்பிவிடலாம். கண்ணைத் தொறந்துக்கிட்டே பொய் சொல்லுதவன என்ன செய்ய? இந்த ஞாயித்துக்கிழமை பாப்பேன். சரியில்லன்னா களத்திப் போட்டுருவேன்."

செல்ஃப் ரிஃப்ரெஷை எடுத்துவிட்டால் பொய் போய்விடும். மத்தியானத்துக்குள் பேட்டரியும் போய்விடும். மலை மேல் மழை பெய்கிற நாளில்தான் சோலார் படுக்கும். அந்த நாளில்தான் போர்டு வேண்டும். இசக்கி கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள்.

"ஞாயித்துக்கிழமை அங்கனயே போய் நில்லுங்க. நடக்கத கண்ணால பாத்துட்டு வாங்க. விளக்கம் வேண்டாம், என்ன நடக்குன்னு மட்டும் வந்து சொல்லுங்க."

5. இரண்டு மிளகாய் பஜ்ஜி

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போகிறேன் என்று சொன்னதுதான் தப்பு. ஜெயராணி துண்டும் மாற்றுச் சேலையும் எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டாள்.

"நான் வேலையாப் போறேன்."

"நீங்க வேலை பாருங்க. நான் குளிக்கேன். ஒருத்தருக்கொருத்தர் இடைஞ்சல் இல்ல."

சாரல் பெய்தது. கூட்டம் நல்ல கூட்டம். பெட்டியிலிருந்து வந்த மவுஸ் ஒயர் கொட்டகை ஜன்னல் வழியாக வெளியே வந்து, மவுஸ் ஜன்னல் திண்டில் கிடந்தது. போர்டைப் பார்த்தபடியே அதைத் தொட வசதியாக நான்தான் அப்படி இழுத்து வைத்திருந்தேன். ஜெயராணி பெண்கள் பக்கத்துக்குப் போகுமுன் போர்டை அண்ணாந்து பார்த்தாள். பச்சை.

"உங்க போர்டு குளிக்கலாம்னு சொல்லிட்டு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எங்கள் வீட்டில் அது அபூர்வமான சரக்கு.

நான் மவுஸைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பசித்தது. பஜ்ஜிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் வேண்டியவரைக் கண்ட மாதிரி இரண்டு மிளகாய் பஜ்ஜியைச் சுடச்சுடப் பேப்பரில் வைத்துக் கையில் திணித்தார். இடது கையில் குடை. வலது கையில் பஜ்ஜி. பேப்பர் நனையாமல் குடைக்குள் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, ஜன்னலோரம், போர்டைப் பார்த்து நின்றேன்.

சூடு பொறுக்காமல் பஜ்ஜியை ஊதிக்கொண்டிருக்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. வெள்ளையாக விழுந்த தண்ணீரில் ஒரு செம்மண் கோடு. அப்புறம் இலை, குச்சி. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் ரேடியோ விளக்கு கண் சிமிட்டியது. செய்தி வந்துவிட்டது. பெட்டிக்குத் தெரியும்.

போர்டு பச்சை. 'குளிக்கலாம்.'

சுபேதார் அதற்குள் விசிலோடு இறங்கிவிட்டார். தண்ணீர் ஏறுவதைக் கண்டுபிடிக்க அவருக்கு எங்கள் மிதவை தேவையில்லை. கேட்காத காதுகளுக்குச் சொல்லத்தான் எங்களைத் தேடினார். "ஏலே, வெளிய வாங்கலே, வெளிய!" ஆண்கள் பக்கம் ஓரத்தில் நின்றவர்கள் அவரைக் கண்டு இறங்கினார்கள். பெண்கள் பக்கம் அவர் கையை ஆட்டினார். நான்கைந்து பேர் இன்னும் அருவிக்கு அடியில் இருந்தார்கள். அதில் ஒருத்தி ஜெயராணி. அவள் தலையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கையாட்டுகிறவரைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி போர்டைக் காட்டினாள்.

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பச்சைதானே காட்டுகிறது என்று சொல்லியிருப்பாள். என் வீட்டுக்காரர் செய்த போர்டு என்றும் சொல்லியிருப்பாள். வெளியே வரப்போன ஒரு பெண் அவள் விரலைப் பின்தொடர்ந்து போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள்.

நான் ஓடிப்போய்க் கத்தியிருக்க வேண்டும். நான் செய்தது அது இல்லை. குடையைப் போட்டேன், பஜ்ஜியைப் போட்டேன், கை தானாகவே மவுஸுக்குப் போனது. பயந்தால் சிலர் சிலுவை போடுவார்கள்; நான் மவுஸைத் தேய்க்கிறவன்.

போர்டு சிவந்தது. 'வெளியே வாங்க.'

ஜெயராணியின் விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. அது என்ன காட்டிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து வெளியே வந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கடைசிப் பெண் கம்பியைத் தாண்டிய பிறகு மேலேயிருந்து விழுந்தது தண்ணீராகத் தெரியவில்லை, மண் நிறத்தில் ஒரு சுவராகத் தெரிந்தது. அவர்கள் நின்ற இடம் அதற்குள் காணாமல் போனது.

அவள் கொட்டகைக்கு வந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கால் ஆடியது. அன்றைக்கு அது பழக்கத்தால் இல்லை.

"உங்க போர்டத்தானே நம்பி நின்னேன்," என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சுபேதார் வந்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி உதறினார். ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போர்டின் காலடிக்குப் போய் முதல் போல்ட்டைத் திருகத் தொடங்கினார்.

ஜெயராணி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே மவுஸைப் பார்த்தாள். "அதென்ன, நீங்க அந்த எலியப் பிடிச்சதும் மாறிட்டு? அதுக்கு முன்னால ஏன் மாறல?"

"முன்னால கையில பஜ்ஜி இருந்துது," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் கைராசி அத்தனையும் அந்த ஒரு பதிலில் முடிந்துபோனது.

6. பூட்டு

மறுநாள் காலை இசக்கியிடம் விளக்கம் இல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். அவளே மீதியைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசி முடித்தோம்.

மவுஸை அசைத்தால் ஸ்கிரீனில் அம்புக்குறி நகர வேண்டும். அதற்காக டிரைவர் சிப்பை எழுப்பும். எழுந்த சிப் பஃபரில் இருக்கிற படம் முழுவதையும் அனுப்பும். ஆக, சிவப்பு ஏற்கெனவே பஃபரில் வரையப்பட்டுத்தான் இருந்தது. அதை வரைந்த புரோகிராம் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய புரோகிராம் அது. மெமரி எங்கே என்று தெரிந்துகொண்டு நேராக அதில் எழுதிவிடும். எழுதி முடித்ததும் 'முடிந்தது' என்று டிரைவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஓயாமல் படம் அனுப்பிக்கொண்டிருந்த பழைய ஸ்கிரீன்களில் சொல்லாவிட்டாலும் ஒன்றும் கெடவில்லை. எங்கள் ஸ்கிரீன் தூங்குகிற ஸ்கிரீன். அது தானாகச் சிவந்த நாட்களில் வேறு ஏதோ வேலைக்காகச் சிப் எழுந்திருக்கிறது, புதுப் படமும் கூடவே போயிருக்கிறது.

முதலில் இது ஏன் தெரியவில்லை? மூலையில் கடிகாரம் இருந்தது. நொடிக்கு ஒரு தடவை அது சிப்பை எழுப்பியபோது சிவப்பும் கூடவே ஏறிப் போய்விட்டது. கடிகாரத்தைக் கழற்றச் சொன்ன அறிவாளி யார் என்று உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு ஆபீசில் ஏன் தெரியவில்லை? கடிகாரம் பார்த்த வேலையை என் கை பார்த்தது. நான் உட்கார்ந்து முறைத்த அத்தனை டெஸ்டிலும் மவுஸ் அரை அங்குலம் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. கோளாறைப் பிடிக்கப் போனவன் கோளாறுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புரோகிராமைத் திருத்திட்டா போதும்லா?" என்றாள் இசக்கி.

"நாளைக்கு இன்னொருத்தன் சொல்லாம எழுதுவான். எழுதுதவன் வந்து சொல்லணும்னு காத்திருக்கக் கூடாது. எழுதுனாலே மணி அடிக்கணும்."

வழி இருக்கிறது. பஃபர் இருக்கிற மெமரிப் பக்கங்களை எழுத முடியாதபடி பூட்டிவிடலாம். யார் எழுத வந்தாலும் பூட்டில் இடிப்பார்கள். இடித்த சத்தத்தில் டிரைவருக்குத் தெரியும். உடனே பூட்டைத் திறந்து எழுத விடும். சற்றுப் பொறுத்து, திரும்பப் பூட்டி, புதுப் படத்தை அனுப்பும். யாரும் எழுதாதவரை சிப் தூங்கும், பேட்டரி தப்பிக்கும்.

நான் அவசரத்தில் முதலில் படத்தை அனுப்பிவிட்டுப் பிறகு பூட்டுகிறபடி எழுதிவிட்டேன். இசக்கி வரிவரியாகப் படித்தவள் அந்த வரியில் நகத்தால் தட்டினாள்.

"படம் கிளம்புன பிறகு, பூட்டு விழுறதுக்கு முன்னால, ஒருத்தன் எழுதிட்டா?"

எழுதினால் அந்தப் படத்திலும் அது போகாது, பூட்டிலும் இடிக்காது. திரும்பவும் பச்சைப் பொய். வரிசையை மாற்றினேன். முதலில் பூட்டு, பிறகு படம். இதை மட்டும் டிரைவர் எழுதப் போகிறவர்கள் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் ரூமில் இருந்த மவுஸ் எல்லாவற்றையும் இசக்கி எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினாள். டெஸ்ட் நடக்கும்போது என்னை வராந்தாவில் நிற்க வைத்தாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பச்சை, சிவப்பு, பச்சை. என் கை பாக்கெட்டில் சாவிக் கொத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை.

7. குடை

சுபேதார் கடைசி போல்ட்டை மட்டும் விட்டுவைத்திருந்தார். போர்டு ஒற்றைக் காலில் சாய்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒரு தடவை பாருங்க சுபேதார்," என்றேன். "இந்தத் தடவை நான் தொட மாட்டேன்."

"நீரு தொட மாட்டீரா?" அவர் என் கையைப் பார்த்தார். அது பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. "உம்ம வாய நம்பலாம்வே. கைய எப்படி நம்ப?"

இசக்கி சுபேதாரின் ஆள் ஒருவரோடு மேலே பாறைக்குப் போனாள். எப்போது தோன்றுகிறதோ அப்போது மிதவையைத் தூக்குவாள். எங்களிடம் சொல்ல மாட்டாள். தண்ணீர் மெலிசாகத்தான் விழுந்தது. கூட்டம் வரவில்லை. மவுஸைப் பெட்டியிலிருந்து பிடுங்கி சுபேதார் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வால் வெளியே தொங்கியது.

ஜெயராணி வந்திருந்தாள். வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீட்டில் என்னோடு அளவாகத்தான் பேசினாள். போர்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அருவியை ஒரு பார்வை பார்த்தாள். போர்டை ஒரு பார்வை. பச்சை.

"நான் குளிக்கப் போறேன்," என்றாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா. டெஸ்டு முடியட்டும்."

"நான் நிக்காம இது என்ன டெஸ்டு?"

சுபேதார் என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தார், சரி என்று தலையை ஆட்டினார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு கம்பியோரம் போய் நின்றார்.

ஜெயராணி என்னிடம் வந்தாள். "கைய நீட்டுங்க." நீட்டினேன். ஒரு கையில் குடையை வைத்தாள். இன்னொரு கையில் துண்டும், மாற்றுச் சேலை இருந்த பையும், அதன்மேல் செருப்பும். "கீழ வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன்."

போய் அருவிக்கு அடியில் நின்றாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முகத்தில் தண்ணீர் வழிய போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் அசையாமல் நின்றதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மணி பார்க்கக் கை இல்லை, போர்டிலும் கடிகாரம் இல்லை. விரல் ஒவ்வொன்றும் எதையாவது தேய்க்கத் தேடியது. குடைக்காம்பை இறுக்கிப் பிடித்தேன். இசக்கி மேலே என்ன செய்துகொண்டிருக்கிறாள், தூக்கிவிட்டாளா, தூக்கி மாறாமல் நிற்கிறதா, ஓடிப்போய் ஜெயராணியைக் கூப்பிடலாமா என்று உள்ளே எல்லாம் ஆடியது. வெளியே ஒன்றும் ஆடவில்லை.

போர்டு சிவந்தது.

சுபேதார் விசில் ஊத மூச்சை இழுப்பதற்குள் ஜெயராணி கம்பியைப் பிடித்துவிட்டாள். வெளியே வந்து, நேராக என் முன்னால் நின்று, குடையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

சுபேதார் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போர்டின் காலடிக்குப் போனார். கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கத் தொடங்கினார்.

இளைஞர்களுக்கு ஏதாவது பாடம் சொல்லுங்கள் என்று இந்தக் குறிப்பைக் கேட்டவர்கள் சொன்னார்கள். பெரிய பாடம் ஒன்றுமில்லை. ஒரு பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது ஸ்கிரீனைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கை அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அது வேலை செய்ய வேண்டும். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

எங்கள் கம்பெனியின் டெஸ்ட் விதிகளில் இப்போது ஒரு வரி உண்டு, இசக்கி சேர்த்தது. டெஸ்ட் செய்கிறவரின் இரண்டு கையிலும் ஏதாவது இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அவர்களுக்கென்றே டெஸ்ட் ரூம் மூலையில் ஒரு குடை இருக்கிறது. இன்னொரு கைக்குப் பஜ்ஜி வாங்கித் தருவதாக நான் சொல்லிப் பார்த்தேன். இசக்கி, "அண்ணாச்சி," என்றாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.